மூன்று தடவை பூட்டியிருந்த வீடு

பேய் நடமாட இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள், திருப்பூரில் ஏதாவது ஒரு லைன் வீட்டுச் சந்தில் பகல் பதினொரு மணிக்கு வந்து நின்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வரிசையாகத் தகரக் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. மருந்துக்குக்கூட ஓர் ஆள் கண்ணில் படாது. காலை எட்டரைக்குள் எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். குழாயடியில் கவிழ்த்து வைத்த குடங்கள், கொடியில் காய்ந்து விறைத்த துணிகள், பக்கத்துத் தெரு நிட்டிங் மெஷின்களின் ஓயாத இரைச்சல், அவ்வளவுதான். அப்படி ஒரு நேரத்தில், அப்படி ஒரு சந்தில்தான் கவிப்பிரியாவுக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

விரல் முட்டியால் தகரத்தில் மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. எந்த லைனில் நின்றாலும், எந்தப் பூட்டிய கதவைக் கடந்தாலும், உள்ளேயிருந்து கேட்டது. வைகாசி நடுவில் தொடங்கியது, ஆனி பிறக்கப்போகிற நேரத்திலும் விடவில்லை. பல்லடத்தில் அவள் சொந்த வீட்டில்கூட, வேலைக்குக் கிளம்பிப் பூட்டைப் போட்டுச் சாவியைப் பைக்குள் வைக்கும்போது கேட்டது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் மூன்று நாள் பூட்டைத் திறந்து பார்த்தாள். புருஷன் தமிழ்செல்வன் கோழித் தீவன லாரி ஓட்டுகிறவன். எதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பான். "வெயில்ல அலையறே, ஒடம்புச் சூடு. மோரக் குடி, செரியாப் போகும்," என்றான். குடித்தாள். மோருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

யார் தட்டுகிறார்கள் என்றும் தெரியும். அய்யாசாமி லைனில் ஏழாம் நம்பர் வீட்டு நாகஜோதி. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள், வயது இருபத்தாறு. எட்டு மாத வயிற்றோடு வலிப்பு வந்து, பிள்ளையும் அவளுமாகப் போய்ச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கோபமாகத் தட்டுகிறாள் என்றுதான் கவிப்பிரியா நினைத்தாள். கோபப்படாமல் வேறென்ன செய்வாள்?

கவிப்பிரியா வாய்க்கால்மேடு துணை சுகாதார நிலையத்தின் நர்ஸ். ஒன்பது வருஷமாக அந்த வட்டாரத்துக் கர்ப்பிணிகளை எழுதிக்கொள்வதும், ஊசி போடுவதும், வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பதும் அவள் வேலை. நாகஜோதியின் சாவு பற்றி ஒரு படிவம் அவள் மேஜையில் கிடந்தது. அதில் ஒரு கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்: இறந்தவர் இந்த எல்லையில் வசித்தவரா, குடிபெயர்ந்தவரா? வியாழக்கிழமை கூட்டத்தில் அந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு டிக். அதற்குத்தான் பதினெட்டு நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

இதற்கெல்லாம் வேர் போன வருஷம் ஆவணியில் வந்த ஒரு சுற்றறிக்கையில் இருந்தது. அதுவரைக்கும் ஜனத்தொகை என்பது ஒரு மதிப்பு. பழைய கணக்கெடுப்பின்மேல் வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டி, வாய்க்கால்மேட்டில் ஏழாயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் என்று வைத்து, அதற்குத் தக்கபடி பணமும் மருந்தும் ஆளும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில ஊர்களில் இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டி மாத்திரை வாங்கிக் குவித்திருந்தார்களாம். அதனால் விதியை மாற்றினார்கள். இனிமேல் நேரில் பார்த்துப் பதிந்த தலைக்கு மட்டும்தான் ஒதுக்கீடு. நர்ஸ் டேப்லெட்டோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஆளைப் படம் பிடிக்க வேண்டும். அவர் போனுக்கு வருகிற எண்ணைக் கேட்டுப் போட வேண்டும். வீடு பூட்டியிருந்தால் பூட்டைப் படம் பிடிக்க வேண்டும். மூன்று நாள், மூன்று பூட்டுப் படம். மூன்றாவது படம் ஏறியதும் அந்த வீடு பட்டியலிலிருந்து விழுந்துவிடும். குறை சொல்ல முடியாத விதி. வீட்டில் ஆள் இருக்கிற ஊருக்கு.

ஆப் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும், சாயங்காலம் ஐந்துக்கு மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அதற்கும் லீவு. திருப்பூரில் ஒன்பதிலிருந்து ஐந்துவரை வீட்டில் யார் இருக்கிறார்கள்? முன்பெல்லாம் கவிப்பிரியா ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்துப் போவாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வரிசையில் நிற்கிற பெண்களை நிறுத்தி நாள் தள்ளிப்போனதைக் கேட்டு நோட்டில் எழுதுவாள். இப்போது அந்த நோட்டு செல்லாது. எட்டரைக்குக் கிளம்பிப் போனவர்களின் கதவை அவள் பத்து மணிக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் பிடிக்கிறவளுக்கும் தெரியும், படத்தை வாங்குகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை.

மாசி நடுவில் கணக்கு முடிந்தபோது ஏழாயிரத்து நூறு, நாலாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு ஆகியிருந்தது. ஐயாயிரத்துக்குக் கீழே போனால் ஒரு நர்ஸ்தான் என்பது விதி. கூட இருந்த அனிதாவுக்கு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வேலை இல்லை. மருந்துப் பெட்டிகள் பாதியாக வந்தன. செவ்வாய்க்கிழமை தோறும் நடந்த கர்ப்பிணிகள் கிளினிக்கை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேறொரு நிலையத்தோடு சேர்த்துவிட்டார்கள். மிச்சமான பணம், பகலில் ஆள் வீட்டில் இருக்கிற ஊர்களுக்குப் போனது. அந்த ஊர்களை நொந்து என்ன பண்ண?

இவ்வளவும் ஊரறிந்த கதை. ஊரறியாத ஒன்று இருந்தது. அது கவிப்பிரியாவுக்கு மட்டுமே தெரியும்.

பிப்ரவரி இருபத்தெட்டு. ஆப் மூட இன்னும் நாலு மணி நேரம், முடிக்க வேண்டியது நாற்பத்தொரு வீடு. வட்டாரப் புள்ளிவிவர அலுவலர் சரவணக்குமார் மணிக்கு ஒரு தடவை போன் பண்ணி, "பெண்டிங் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அய்யாசாமி லைனில் ஏழாம் நம்பருக்கு அது மூன்றாவது வருகை. கதவில் நடுத்தரமான பித்தளைப் பூட்டு. டேப்லெட்டைத் தூக்கிப் பூட்டைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தாள். அப்போது உள்ளேயிருந்து தட்டினார்கள். மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. அப்புறம் ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கத்தில், "நர்சம்மா?" என்றது.

வேறு ஊர் நர்சாக இருந்தால் பயந்திருப்பாள். பூட்டிய வீட்டுக்குள் ஆள் எப்படி வரும் என்று குழம்பியிருப்பாள். கவிப்பிரியாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து ஒருத்தர் வந்து படுப்பார், இன்னொருத்தர் பகல் ஷிப்டுக்குக் கிளம்புவார். லைன் வீட்டுக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருந்தாலும் ஆடிக்கொண்டிருக்கும். தூங்குகிறவர் தலைமாட்டுப் போனை எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே போகிறவர் வெளியே பூட்டிவிட்டுப் போவார். வெளியே பூட்டு, உள்ளே தூக்கம். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். பழைய நோட்டுக் காலத்தில் கவிப்பிரியா பூட்டைக் கண்டால் முதலில் தட்டுவாள். ஆள் குரல் கொடுத்தால் ஜன்னலுக்குப் போய்க் கம்பி வழியாகவே கையை நீட்டச் சொல்லிப் பிரஷர் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கும் ஜன்னல் இருந்தது, இரண்டடி தள்ளித்தான். போனால் பேச வேண்டும். பேசினால் பதிய வேண்டும். முகத்தைப் படம் பிடிக்கக் கதவு திறக்க வேண்டும், சாவி எந்தக் கம்பெனியில் இருக்கிறதோ. அரை மணி போய்விடும், மிச்சம் நாற்பது வீடு. இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விரல் தானாக அமுக்கியது. பச்சை டிக் வந்தது: 'வீடு நீக்கப்பட்டது.' உள்ளே மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டபோது அவள் எட்டாம் நம்பருக்கு நகர்ந்திருந்தாள்.

மே மாதம் இருபத்தாறாம் தேதி மத்தியானம், அதே கதவுக்குள் நாகஜோதிக்கு வலிப்பு வந்தது. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டு முதலில் கத்தியவன் ஆறாம் நம்பரில் படுத்திருந்த ஒரு வடக்கத்திப் பையன். அவனும் நைட் ஷிப்ட். அவன் கதவும் வெளியே பூட்டியிருந்தது. லைன் சொந்தக்காரர் அய்யாசாமி ஓடிவந்து கடப்பாரையால் பூட்டை உடைத்தார். ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இன்னொரு தடவை வலிப்பு. கால் வீங்கி, பிரஷர் ஏறி, எத்தனையோ வாரமாக உடம்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவை கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

பிணவறை வாசலில் புருஷன் ஜெயபாண்டி உட்கார்ந்திருந்தான். பனியன் தைக்கிற பவர்டேபிள் டெய்லர்; சட்டையெல்லாம் நூல் பிசிறு. கவிப்பிரியாவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். "வந்தீகளே நர்சம்மா," என்றான். அவ்வளவுதான். அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை சரவணக்குமார் அவளை வட்டார அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் அல்ல. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவார். எண்களைக் கண்டால் மட்டும் அவருக்கு வேறு முகம் வந்துவிடும்.

"படிவம் இன்னும் வரலீங்க சிஸ்டர்."

"வசித்தவரா, குடிபெயர்ந்தவரான்னு கேக்குதுங்க சார்."

"அதுல என்னங்க யோசனை? மூணு பூட்டு போட்டோ இருக்குது. ஆப்பே நீக்கியிருச்சு. குடிபெயர்ந்தவர்னு டிக் பண்ணுங்க. ரேஷன் கார்டு அவிங்க ஊருல இருக்குது, சாவு அந்த மாவட்டத்துக் கணக்குக்குப் போயிரும்."

"அங்க கேட்டுட்டேனுங்க சார். வெளியூருல இருக்கறவங்கன்னு அவிங்களும் நீக்கியிருக்காங்க."

சரவணக்குமார் மின்விசிறியைப் பார்த்தார். செத்தவள் எந்த ஊரிலும் உயிரோடு இருந்ததாகவே கணக்கு இல்லை என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனால் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க நல்லதுக்குச் சொல்றேனுங்க. வசித்தவர்னு போட்டா, பூட்டின ஊட்டுல ஆள் இருந்துச்சுன்னு ஆவுது. அப்ப மத்த பூட்டும் கேள்வி. ரெண்டாயிரத்து எழுநூறு தலை. மறு கணக்கெடுப்பும்பாங்க. அந்தப் பணத்தைப் பிரிச்சு வேற வட்டாரங்களுக்குக் குடுத்தாச்சு, அங்க ஆள் போட்டு வேலையும் ஆரம்பிச்சாச்சு. யாருங்க திருப்பிக் குடுப்பாங்க? அதைவிட, உள்ள ஆள் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. ஏனுங்க, தெரியுங்களா?"

"இல்லீங்க சார்," என்றாள் கவிப்பிரியா.

பொய் சுலபமாகத்தான் வந்தது. வெளியே வந்து வண்டியை எடுத்தபோது அலுவலகத்தின் பழைய ரெக்கார்டு அறை கண்ணில் பட்டது. கதவில் பூட்டு. அதற்குள்ளிருந்தும் நாகஜோதி தட்டினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் அய்யாசாமி லைனுக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஏழாம் நம்பரில் புதுப் பூட்டு தொங்கியது. உடைந்த தகரத்தை ஜெயபாண்டி ஆணி அடித்து நேராக்கியிருந்தான். தட்டுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை கவிப்பிரியா விலகிப் போகவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தாள். சுருட்டிய பாய். ஒரு மண்ணெண்ணெய்க் கேன். நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டி, அதில் மடித்து வைத்த கைப்பிடியளவு பனியன்கள். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்டில் தைத்தவை, ஒன்றில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. "நாகஜோதி," என்று கூப்பிட்டாள்.

அவளுக்கு அப்போது என்ன தோன்றியதோ, பக்கத்துக் கதவுக்குப் போய்த் தட்டினாள். மூன்று தட்டு.

"கோன் ஹை?" என்று இந்தியில் யாரெனக் கேட்டது உள்ளே ஒரு குரல்.

இது அவளுக்கு மட்டும் கேட்கிற குரல் அல்ல. ஆறாம் நம்பர் வடக்கத்திப் பையன். எதிர்க் கதவைத் தட்டினாள். இருமல் சத்தம், அப்புறம், "சாவி அவககிட்ட இருக்கு, ராத்திரி வாங்க," என்று ஒரு பெண். அடுத்த கதவு, ஒன்றுமில்லை. அதற்கடுத்தது, ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ அதன் வாயைப் பொத்துவது போல் சட்டென்று நின்றது. பதினான்காம் நம்பரில் ஓர் ஆண், "எந்திரிச்சிட்டேன் சூப்பர்வைசர், எந்திரிச்சிட்டேன்," என்று தூக்கத்திலேயே கத்தினான். சந்தின் கடைசிவரை போனாள். வெயிலில் ஈ காக்கா இல்லை. பூட்டிய கதவுகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டிருந்தன.

சத்தம் கேட்டு அய்யாசாமி வந்தார். அறுபது வயது, தோளில் துண்டு. பூட்டை உடைத்த நாளிலிருந்து மனுஷருக்குப் பாதி உடம்பு இறங்கிவிட்டது.

"என்னங்கம்மணி பண்றீங்க?"

"உள்ள ஆளுக இருக்காங்களுங்க."

"இருப்பாங்கம்மணி. இப்ப ஆர்டர் சாஸ்தி, நைட்டு ஓடுது. முப்பது ஊட்டுல பன்னெண்டு, பதிமூணு ஊட்டுல எப்பவும் ஆரோ படுத்திருப்பாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கவிப்பிரியா டேப்லெட்டைத் திறந்து லைனைத் தேடினாள். முப்பது வீட்டில் இருபத்தாறு நீக்கம். பையிலிருந்து தாளை எடுத்து, கதவு நம்பரையும் பதில் வந்த குரலையும் எழுதினாள். அன்று சாயங்காலத்துக்குள் நாலு லைன் போனாள், புதன்கிழமை ஏழு லைன். தட்டிக் கேட்டதில் பூட்டுக்குள் இருந்து பேசியவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். அதில் ஒன்பது பேர் கர்ப்பிணிகள். ஒன்பது பேரையும் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டச் சொல்லிப் பிரஷர் பார்த்தாள். ஒருத்திக்கு மட்டும் அதிகம். கணவனுக்குப் போன் போட்டு, சாவியோடு வரவழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இந்த வேலையைப் பிப்ரவரியிலேயே செய்திருக்கலாம். கால் ஓய்ந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோது, அழுகை வந்தது, அழுதாள். நல்லூர் பஸ்ஸில் ஏறப்போன ஒரு பெண் நின்று, "என்னாச்சுங்க அக்கா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

அந்தத் தாள் மட்டும் போதும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். நூற்றுப் பதினெட்டுக் குரலைக் காட்டி மறு கணக்கு கேட்கலாம்; பிப்ரவரி இருபத்தெட்டைப் பற்றி மூச்சு விட வேண்டியதில்லை. ஆனால் அது இந்த வாரத்துக் குரல். கணக்கு மூடிய நாளில் பூட்டுக்குள் ஆள் இருந்ததற்குச் சாட்சி யார்? ஒரே சாட்சி அவள் காதுதான். ராத்திரி முழுக்கப் புரண்டு, விடிகிற நேரத்தில் படிவத்தை எடுத்து 'வசித்தவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். தலைமை வகித்த அதிகாரியம்மா வெள்ளை முடியைக் கத்தரித்து விட்டிருந்தார். ஒவ்வொரு தாளையும் தானே படிக்கிறவர். செத்தவர் குடும்பத்தையும் கூப்பிடுவது வழக்கம் என்பதால் ஜெயபாண்டி கடைசி நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில், கையைத் தொடைக்கு நடுவே வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"வசித்தவர்னு போட்டிருக்கீங்க. ஆனா மூணு தடவை வீடு பூட்டியிருந்ததுன்னு படம் இருக்கே?" என்றார் அதிகாரியம்மா.

"பூட்டித்தானுங்க இருந்துச்சு மேடம். உள்ள ஆள் இருந்தாங்க." தாளை நீட்டினாள். நூற்றுப் பதினெட்டும் கை மாறிப் போயிற்று. சரவணக்குமார் எழுந்து, ஒதுக்கீடு ஏற்கெனவே போய்விட்டது, பட்ஜெட் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும், இந்த வாரம் யாரோ உள்ளே படுத்திருந்தால் பிப்ரவரியிலும் படுத்திருந்தார்கள் என்று ஆகாது என்று சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"அவர் கேக்கறது சரிதானே? பிப்ரவரியில உள்ள ஆள் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தட்டுனாங்க மேடம். மூணாவது போட்டோ எடுக்கறப்ப உள்ளிருந்து தட்டி, நர்சம்மான்னு கூப்பிட்டாங்க."

"கேட்டுட்டுமா போனீங்க?"

"ஆமாங்க."

அதிகாரியம்மா பேனாவை மூடிவைத்தார். எழுத்தில் கொடுக்கும்படி சொன்னார். உங்கள்மேல் நடவடிக்கை இருக்கும், இன்றிலிருந்து டியூட்டி பார்க்க வேண்டாம் என்றும் அதே குரலில் சொன்னார். பிறகு சரவணக்குமார் பக்கம் திரும்பி, ஆப்பை ராத்திரி பத்துவரையும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்துவைக்க மேலே எழுதுங்கள், வாய்க்கால்மேட்டுக்கு மறு கணக்கு, அதுவரை செவ்வாய்க்கிழமை கிளினிக் பழைய இடத்திலேயே நடக்கட்டும், செலவைத் திருத்திய மதிப்பீட்டில் கேட்போம் என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். கவிப்பிரியாவுக்கு வேலை போனது அவ்வளவாக உறைக்கவில்லை. அவள் கடைசி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றி எறிந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

ஜெயபாண்டி எழுந்தான். "நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?" என்று கொங்குத் தமிழில் மரியாதையாக ஆரம்பித்து, அடுத்த வார்த்தையிலேயே தன் ஊர்ப் பேச்சுக்குப் போய்விட்டான்.

"அன்னைக்குத் தட்டுனதை எங்கிட்டச் சொன்னா மேடம். ராத்திரி சோறு போடுறப்ப சொன்னா. சந்தோசமாத்தேன் சொன்னா. நர்சம்மா வந்தாக, நான் உள்ள இருக்கேன்னு தட்டுனேன், நம்ம வீட்டப் போட்டோ புடிச்சிட்டுப் போனாக, நம்மள எழுதிட்டாக, இனிமே மாத்திரை, ஊசி எல்லாம் வீட்டுக்கே வந்துரும்னா."

கவிப்பிரியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்திரையில கால் வீங்குச்சு. செவ்வாக்கிழமை போயிப் பாத்தா அங்கன ஆள் இல்ல. நான் காசு குடுத்து வெளிய காட்டுவோம்னேன். எதுக்கு வீணா, எழுதிட்டுப் போனவுக வராம இருப்பாகளான்னா. நாளும் எண்ணிக்கிட்டு இருந்தா. பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிரக் கூடாதுன்னு, சாவிய ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிடச் சொன்னா மேடம். நர்சம்மா வந்தா தெறந்துக்குவாகன்னு தெனமும் சொன்னா. திருட்டுக்குப் பயந்து நாந்தேன் கட்டல."